கோட்டு இருக்கு

ஜூன் 6

மணல்வாளிக்கு,

இங்கு நானும் உன் அத்தையும் சுகம். அங்கு நீயும் உன் வாளிகளும் சுகம் என்று நம்புகிறேன். பெயின்ட் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி என்று உன் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தீப்பிடித்தால் கொட்டுவதற்கு வாளியில் மணல் நிரப்பி வைக்கிற வேலைக்கு அவ்வளவு நீளமான பட்டம் எதற்கு என்று நான்தான் சுருக்கினேன். கோபித்துக்கொள்ளாதே. மாமா வைத்த பெயர் நிலைக்கும்.

உன் தம்பி திங்கட்கிழமை முதல் என் ஆய்வகத்துக்குத் தன்னார்வலராக வருகிறான். சம்பளம் கிடையாது. ஆனால் என் ஆய்வகத்தில் சும்மா நிற்பதற்கே ஆட்கள் சிபாரிசோடு வருகிறார்கள். ஒழுங்காக இருந்தால் அடுத்த ஆண்டு ஆராய்ச்சி மாணவனாக நானே சேர்த்துக்கொள்வேன். அக்காள் மகன் என்பதால்தான் என்று நாலு பேர் பேசுவார்கள். அதையும் தாங்கிக்கொள்வேன்.

"பயிற்சி குடுப்பீங்களா மாமா?" என்று போனில் கேட்டாயே, அதைச் சாப்பிடும்போது உன் அத்தையிடம் சொன்னேன். அவளுக்குப் புரையேறிவிட்டது. பயிற்சி உண்டு. மேற்பார்வையும் உண்டு. மேற்பார்வையாளர் அறையில் இல்லாமல் தன்னார்வலர் எதையும் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதிய குழுவுக்குத் தலைவர் யார் என்று விசாரித்துப் பார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தைக்குப் புரை இறங்கியிருக்கும்.

தம்பியைச் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி. அம்மா தெருவில் ஒருவரையும் விடவில்லை.

எங்கள் கம்பெனியில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. டீ கொண்டுவருகிறவர்கூட அரைநாள் பயிற்சி இல்லாமல் அதைத் தாண்ட முடியாது. எங்களிடம் அறிவாளிகள் குறைவு. அதனால் பயப்படுகிறோம்.

தம்பியோடு அறையில் யார் இருப்பார்? எதையெல்லாம் தொடுவான்? மேலே ஏதாவது பட்டால் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

போனில் கேட்டால் "யாரோ வந்திருக்காங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பதில் வேண்டும்.

உங்கள் அக்காள் மகள்


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

நல்லாயிருக்கிறேன். உன் இருமல் போய்விட்டதா?

பயிற்சி முடிந்தது. ஓர் அறை, ஒரு திரை. கண்ணாடி போட்ட ஒருவர் படத்தில் வாயை அசைத்தார். ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை. பிப்ரவரியில் வந்த ஒருவர் இருக்கிறார். நாங்கள் ஜூனில் வந்ததால் அவர் சீனியர். அவர்தான் குரல் கொடுத்தார். "இப்ப என்ன சொல்றார்னா, சீக்கிரம் முடிச்சிட்டு டீ குடிக்கப் போங்கன்றார்." எல்லோரும் சிரித்தோம். பிறகு சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா கேட்டாள் என்று அனுப்பிவிட்டேன்.

நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் மேற்பார்வை பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிரிக்கக் கூடாது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதன் முதுகில் மாமாவின் வெள்ளைக் கோட்டு. முதல் நாள் நான் கேட்டேன்.

"சார் எப்ப வருவார்?"

"வந்துட்டாரே." சீனியர் கோட்டைக் காட்டினார்.

"இது கோட்டு."

"கோட்டு இருந்தா சார் இந்தக் கட்டடத்துல எங்கயோ இருக்கார்னு அர்த்தம். சாரே சொன்னது. சட்டம் பேசாம வேலையப் பாரு தம்பி."

தினமும் காலையில் உதவியாளர் மாமாவின் அறையிலிருந்து அதை எடுத்துவந்து மாட்டுகிறார். சாயங்காலம் திரும்ப எடுத்துப்போகிறார். போன வாரம் முழுக்க மாமா வெளிநாட்டில் கருத்தரங்கில் இருந்தார். கோட்டு மட்டும் தவறாமல் வந்தது. காலையில் யார் முதலில் நுழைந்தாலும் ஒரு குரல் கேட்கும். "கோட்டு இருக்கா?" "இருக்கு." "அப்ப ஆரம்பி."

சிலர் அதற்கு வணக்கமும் வைக்கிறார்கள். திட்டாது, லீவு போடாது. நல்ல மேற்பார்வையாளர்.

மாமாவிடம் இதையெல்லாம் கேட்டு வைக்காதே. எனக்கு இங்கே பிடித்திருக்கிறது.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

இருமல் போய்விட்டது. உன் கடிதம் வந்ததும் திரும்ப வந்துவிட்டது.

இத்தனை படித்தவர்கள் கூடி ஒரு கோட்டுக்கு உத்தியோகம் கொடுத்திருக்கிறீர்கள். வயலில் வைக்கிற பொம்மைக்குக்கூட அதைவிட மரியாதை உண்டு. அது காக்கையையாவது விரட்டும்.

நீ சிரித்திருக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் தலைக்கு மேலே எங்காவது சங்கிலி தொங்கும் குழாய் இருக்கும். இழுத்தால் தண்ணீர் கொட்ட வேண்டும். நாளைக்கே இழுத்துப் பார். எதைத் தொடுவதற்கு முன்னும் அதைப் பற்றி உனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேள். கேட்டுக்கொண்டே போ. எங்கே நிற்கிறது என்று எழுது.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

நலம். எழுத நேரமில்லை.

சீனியர் வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போது நான்தான் சீனியர். புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிறாள். உன்னை ஞாபகப்படுத்துகிறாள். ஆனால் குத்திப் பேசமாட்டாள்.

சங்கிலிக் குழாய் இருக்கிறது. அதன் கீழே அட்டைப்பெட்டிகள். மாமாவுக்கு வெளியிட்ட பாராட்டு மலர், விற்காத பிரதிகள். கூரை வரை. நகர்த்தலாமா என்று கேட்டேன். "எங்க வைக்கிறது? நீங்களே உங்க வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றார் உதவியாளர். சரி என்று விட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி கேட்டும் பார்த்தேன். எனக்குச் சொன்னவர் சீனியர். அவருக்குச் சொன்னவர் அவருக்கு முந்தைய சீனியர். அவருக்கும் முந்தையவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இதை வைத்துக்கொண்டு ஒரு கடிதம் முழுக்கக் கேலி செய்யலாம் உனக்கு. செய்துகொள்.

தம்பி


ஆகஸ்ட் 20

மணல்வாளிக்கு,

சுகம். உன் ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. பதில் எழுதுமளவுக்கு ஓய்வு கிடைக்க இவ்வளவு நாளாயிற்று. எங்கள் உலகம் அப்படி.

உன் தம்பி நன்றாக வருகிறான். வாயைத் திறப்பதில்லை. குடும்பத்தில் ஒருவருக்காவது அந்தக் குணம் வாய்த்ததே.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்கிறாய். ஒன்று சொல்கிறேன், கற்றுக்கொள். போன மாதம் என் கோட்டில் ஏதோ அமில வாடை. யார் யாரோ பாட்டிலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உடனே உத்தரவு போட்டேன்: கழிவு பாட்டில் உட்பட எல்லாவற்றையும் இறுக மூட வேண்டும். மூடி தளர்ந்திருந்தால் அன்றைக்கு இருந்தவர்கள் மறுநாள் வரவேண்டாம். சுவரில் என் கையெழுத்தோடு ஒட்டியிருக்கிறது. அன்றிலிருந்து வாடை என்ற பேச்சே இல்லை. இதற்குப் பெயர் மேற்பார்வை. மூக்கு இருக்கிறவனுக்கு வாளி தேவையில்லை.

அத்தை விசாரித்தாள்.

உன் மாமா


ஆகஸ்ட் 25

மாமாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை.

கழிவு பாட்டிலை இறுக மூடக்கூடாது. நைட்ரிக் அமிலத்தை, முன்பு ஆல்கஹால் ஊற்றிவைத்த பாட்டிலில் யாராவது ஊற்றிவிட்டால் உள்ளே வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். ஊற்றக்கூடாது என்பதை உங்கள் ஊமைப்படம் யாருக்கும் சொல்லியிருக்காது. துளை வைத்த மூடி கடையில் கிடைக்கிறது.

அந்த உத்தரவை இன்றே கிழித்துப் போடுங்கள். போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் அலுவலகத்திலும் எடுக்கவில்லை.

நேற்று மதியத்திலிருந்து தம்பியும் எடுக்கவில்லை.


செப்டம்பர் 6

அன்புள்ள மணல்வாளிக்கு,

சுகம். நீ வந்து ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்துவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்காமல் போனாய். கோபம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் அம்மா அழுது ஊரைக் கூட்டியதால் பெரிதாகத் தெரிகிறது. நடந்தது சின்ன விஷயம். ஒரு பாட்டில் உடைந்தது. புதிதாக வந்த ஒரு பெண்ணின் கவனக்குறைவு. அவளை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். ஆய்வகத்தில் பெரிய சேதம் இல்லை. என் கோட்டு மட்டும் பொத்தலாகிவிட்டது. நல்ல கோட்டு, முனைவர் பட்டம் வாங்கிய நாளில் எடுத்தது. இடது கண்ணைப் பற்றி டாக்டர்கள் எப்போதும் மிகைப்படுத்துவார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது ஒரு காரியம். விசாரணைக்குழு வருகிறது. தன்னார்வலர் என்றால் பயிற்சி எங்கே, மேற்பார்வை எங்கே என்று குடைவார்கள். ஆய்வகத்தைப் பூட்டுவார்கள். எத்தனை பேர் பிழைப்பு அது. ஆகவே தம்பி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்: "அன்றைய தினம் நான் என் மாமாவைப் பார்க்க ஆய்வகத்துக்கு வந்திருந்தேன்." பொய்யில்லை. நான் அவனுடைய மாமாதானே. மாமாவைப் பார்க்க மருமகன் வருவதை எந்தக் குழு தடுக்கும்?

அடுத்த ஆண்டு ஆராய்ச்சி இடம் அவனுக்குத்தான். உன் பேச்சை அவன் கேட்பான். எடுத்துச் சொல்.

உன் மாமா


செப்டம்பர் 11

மாமாவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் உடம்புக்கு ஒருபோதும் ஒன்றும் வராது.

தலைப்பாகை பற்றி எழுதியிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. தலை உங்களுடையது. தலைப்பாகை என் தம்பி.

கோட்டுக்கு என் அனுதாபங்கள். கடிதத்தில் முதலில் கோட்டு, அப்புறம் கண் என்று வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். ஆய்வுக்கட்டுரையில் ஆசிரியர்கள் பெயரை இப்படித்தான் வரிசைப்படுத்துவீர்களாக்கும்.

இனி ஒலியோடு ஒரு பயிற்சி நடத்தப்போவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். கண் கெட்ட பிறகு என்று தொடங்கும் பழமொழியை எழுத வந்தேன். பிறகு தம்பி இதைப் படிக்க நேரலாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

நான் எதையும் எடுத்துச் சொல்லமாட்டேன்.


அக்டோபர் 3

அக்காவுக்கு,

கட்டு பிரித்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. உருவம் தெரியவில்லை. வரலாம் என்கிறார்கள். கோடு கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

ஆஸ்பத்திரியில் நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மூடியை மூடியது அவள். மூடச் சொன்னது நான். "இவ்ளோ இறுக்கணுமா அண்ணா?" என்றாள். "இன்னும் இறுக்கு. கோட்டுல வாடை ஏறினா நாளைக்கு நாம ரெண்டு பேரும் வெளிய" என்றேன். கொஞ்ச நேரத்தில் பாட்டிலிலிருந்து சீறல் மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். கண்ணுக்குக் கண்ணாடி போடவில்லை. படமெடுக்க ஆள் வரும் நாளில்தான் அதைப் போடுவோம்.

சங்கிலிக் குழாய்க்கு ஓடினேன். பாராட்டு மலர் வரை போக முடிந்தது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அவள் கதவுப் பக்கம் திரும்பி "சார், சார்" என்று கத்தினாள். எனக்கு ஒரு கண்ணில் தெரிந்தது. அவள் நாற்காலியைப் பார்த்துத்தான் கத்தினாள். பிறகு அவளே போய்க் கோட்டை எடுத்துவந்து என் முகத்தைத் துடைத்தாள். துடைக்கக் கூடாதாம். கழுவத்தான் வேண்டுமாம். டாக்டர் சொன்னார். அவளுக்கு யார் சொன்னது? அவளுக்குச் சொல்ல வேண்டியவன் நான். எனக்கு யார் சொன்னது?

அம்மா தினமும் அந்தத் தாளைத் தலையணைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறாள். "கூடப் பிறந்தவன்டா. அவன் தலை குனிஞ்சா நான் எங்க போய் நிமிர்றது? ஒரு வரிதானே." சாப்பாட்டை எடுத்துப்போகும்போது தாளை மட்டும் விட்டுவிட்டுப் போகிறாள்.

எனக்கு அந்த இடம் வேண்டும், அக்கா. அதுதான் கேவலமாக இருக்கிறது. இன்னும் வேண்டும். கையெழுத்துப் போட்டால் நான் ஆராய்ச்சி மாணவன். அவள் கவனக்குறைவான பெண். அவ்வளவுதான் கணக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். மாமா உனக்கு எழுதியது, நீ மாமாவுக்கு எழுதியது, எல்லாவற்றுக்கும் மாமா அம்மாவுக்கு நகல் அனுப்பியிருக்கிறார்; அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். இரண்டு பேரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஒரே கை எழுதியது மாதிரி இருக்கிறது. ஆகஸ்டில் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, இந்த மூடி விஷயத்தை உன்னிடம் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டால் சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன். அதற்காக உன்மேல் பழி போடவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

என்ன செய்யலாம் என்று எழுதாதே. நான் யோசிக்கிறேன்.

தம்பி


அக்டோபர் 19

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையும் நீங்களும் நலம் என்று அம்மா சொன்னாள். எனக்கு வலி குறைந்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடலாம் என்று ஒருநாள் பேனாவை எடுத்துவிட்டேன். அந்த வரியைப் படித்தேன். "என் மாமாவைப் பார்க்க ஆய்வகத்துக்கு வந்திருந்தேன்."

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஒருநாள்கூட நான் உங்களை அந்த அறையில் பார்த்ததில்லை, மாமா. அம்மா நம்புவாள். குழு நம்பும். எழுதுகிற எனக்கு நம்பிக்கை வரவில்லை.

குழுவுக்கு நானே வேறு எழுதிவிட்டேன். தன்னார்வலராக வந்தேன், பயிற்சிப் படத்துக்குச் சத்தம் இல்லை, அந்தப் பெண்ணுக்கு மூடியை இறுக்கச் சொன்னது நான், எனக்குச் சொன்னது சுவரில் இருந்த உங்கள் உத்தரவு. 'அப்போது மேற்பார்வையில் இருந்தவர்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். கோட்டு என்று எழுதினேன். கேலிக்காக இல்லை. வேறு யாரும் இல்லை.

அந்தப் பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அவள் ஏன் என்று கேட்டாள். அங்கே அப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான்.

தங்கள் மருமகன்


டிசம்பர் 2

மாமாவுக்கு,

அம்மா நலம். உங்கள் பெயரை இன்னும் எடுக்கிறாள், ஆனால் முன்னைப்போல் தெருவில் இல்லை. தம்பிக்குக் கண்ணில் விரல்களின் நிழல் தெரியத் தொடங்கியிருக்கிறது. எத்தனை விரல் என்று சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு நீங்கள் எழுதியதை அவள் படித்துக் காட்டினாள். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள், குடும்பமே சேர்ந்து முதுகில் குத்திவிட்டது, இனி அவன் எந்தப் பல்கலைக்கழக வாசலையும் மிதிக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். கடைசியாகச் சொன்னதில் உங்கள் கை நீளம் என்று தெரியும். ஏற்கெனவே இரண்டு இடங்களில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் கம்பெனிக்கு வந்து பயிற்சியில் உட்கார்ந்தான். மஞ்சள் கோட்டுக்கு முன்னால் நின்று, இது ஏன் இங்கே, ஓரடி தள்ளி ஏன் இல்லை என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நான் வருவதற்கு முன்பே போட்டது. சிரிக்காமல் தெரியாது என்று சொன்னேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பிறகு இருவரும் அளந்து பார்த்தோம். தள்ளித்தான் போட்டிருக்க வேண்டும்.

உங்களிடம் மட்டும் பழைய பழக்கத்தை விடுவதாக இல்லை.

ஆய்வகத்தை மறுபடி திறக்க அனுமதி கேட்டிருப்பதாகவும் புதிய தன்னார்வலர்களுக்கு அறிவிப்பு எழுதிவைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். கோட்டு பொத்தலாகிவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். இத்துடன் பார்சலில் புதியது வருகிறது. வெள்ளை, நல்ல துணி.

அளவு தம்பியிடம்தான் கேட்டேன். தோள் அகலம் உடனே சொன்னான். கை நீளம் தெரியாது என்றான். உங்கள் அளவு அவனுக்குத் தெரியாதாம். நாற்காலியின் அளவுதான் தெரியுமாம்.

அதன்படியே தைக்கச் சொன்னேன். கை வைக்கவில்லை.

மணல்வாளி